அடிபடுகிற உடம்பு

என் வீட்டுக்காரருக்கு ஹாக்கி கிளப்பில் வைத்திருக்கும் பெயர் கண்ணாடி. மூக்குக் கண்ணாடி போடுகிறவர் இல்லை. தொட்டால் உடைந்துவிடுவாராம், அதனால் கண்ணாடி. மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆம்பளைகள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து யோசித்தால் இதற்கு மேல் என்ன தோன்றும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடைந்ததையெல்லாம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள் நான். அவர்களுக்கு என்ன, பெயரை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

உடைந்தது கொஞ்சநஞ்சமும் இல்லை. இடது கையில் விரல், அது கூடி வந்த கொஞ்ச நாளில் வலது கையில் விரல், முழங்கால் சில்லு, கீழ்க்கால் எலும்பில் கீறல், விலாவில் ஒன்று, கணுக்கால். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறிக்கு இடம் இருக்காது, ஐஸ் பைக்கு இருக்கும். கிளப் டாக்டருக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் என்னைத் தெருவில் பார்த்தால் "இப்ப எது?" என்றுதான் கேட்பார். கடைசியாகப் போன மாதம் பந்து முகமூடியில் வந்து அடித்தது. முகமூடியின் விளிம்பு கீழுதட்டைக் கிழித்து, முன்பல் இரண்டும் ஆட்டம் கண்டு, பல்லுக்குக் கம்பி, உதட்டுக்குத் தையல். எதைச் சமைத்தாலும் மிக்ஸியில் போட்டுக் கூழாக்கித்தான் கொடுத்தேன். அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் புரிந்தது. அதுவும் பாதி ஊகம்.

இந்த மனுஷனுக்கு மட்டும் ஏன் இப்படி என்பதில் இரண்டு கட்சிகள் இருந்தன. கிளப்காரர்கள் ஒரு கட்சி. அவர்கள் கணக்கில் அது உடம்பு வாகு. சில உடம்பு அடி வாங்கப் பிறந்த உடம்பு, அவ்வளவுதான் என்பார்கள். என் மாமியார் எதிர்க்கட்சி. "அவன் உடம்புக்கு ஒரு குறையும் இல்ல. நேரம் சரியில்ல" என்பார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

நான் எந்தக் கட்சி என்றால், நாளைப் பொறுத்து மாறுகிற கட்சி. இரண்டுமே எனக்குப் பயம்தான். உடம்புதான் காரணம் என்றால் இனி அவர் மட்டையைத் தொடக் கூடாது. நேரம்தான் காரணம் என்றால் ரோட்டில் நடக்கக்கூட விடக் கூடாது. இரண்டில் எதை நம்பினாலும் தூக்கம் கெடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கிளப் செயலாளரிடமிருந்து ஆள் வந்தது. புது சீசனுக்கு அணி எடுக்கப்போகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டி உட்கார்ந்து இவர் விஷயத்தைப் பேசி முடிக்கப்போகிறது. டாக்டர் 'இது அடிபடுகிற உடம்பு' என்று சொல்லிவிட்டால் இவர் பெயரை எடுத்துவிடுவார்கள். இவர் வயதுக்கு, ஒருமுறை பெயர் போனால் போனதுதான். திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

அன்று முதல் அவர் வேலையிலிருந்து வந்ததும் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பிடியில் சுற்றியிருக்கும் டேப்பைப் பிரிப்பார். பிரித்ததை மறுபடி சுற்றுவார். மறுநாளும் அதே வேலை. ஹாக்கி இல்லாத இந்த ஆளை ஒரே ஒருமுறை, விலா எலும்பு சமயத்தில், நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்றால் சாப்பிட்டேன் என்பார், தட்டைப் பார்த்தால் அப்படியே இருக்கும். என் மேல் கோபப்படக்கூட மாட்டார். கோபப்படாத புருஷனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆயுசுக்கும் அப்படி ஒரு ஆள் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. அதே சமயம், உண்மையைச் சொல்கிறேன், கமிட்டி அவரை எடுக்காமல் விட்டுத் தொலைத்தால் நல்லது என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே மனசுக்குள்தான் இருந்தன.

நான் வேலை பார்ப்பது வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில், கிளெய்ம் பிரிவில். இடித்தவர்கள், இடிபட்டவர்கள், நிறுத்திவைத்த வண்டி தானாகப் போய் இடித்துக்கொண்டது என்று சத்தியம் செய்கிறவர்கள், எல்லோரும் என் மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர் ஒருத்தர் வந்தார். மறுபடியும் இடது கதவு நசுங்கியிருந்தது. பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் போட்டோக்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, இவருக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியலையா, இல்ல பாவம் ராசி கெட்டவரா? எதுன்னு எடுத்துக்கறது?"

"ரெண்டும் வேண்டாம். எந்த ரோட்ல ஓட்டுறாருன்னு முதல்ல கேளு."

கேட்டாள். விடியற்காலையில் மொத்த மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்து. ஒரு பக்கம் லாரிகள் சரக்கு இறக்கும், மறு பக்கம் கைவண்டிகள். தினமும் அதற்குள் நுழைந்துதான் அவர் கடைகளுக்கு ரொட்டி போட வேண்டும்.

"அந்தச் சந்துல யாரு ஓட்டினாலும் கதவு நசுங்கத்தான் செய்யும். நீ நடந்து போனாலே நசுங்கிடுவ" என்றேன். அவள் சிரித்தாள். டிரைவரும் சிரித்தார். அந்த ஆளுக்கு அப்படியொரு நிம்மதி முகத்தில்.

இதைச் சொல்லிவிட்டு நான் எழுந்து டீ குடிக்கப் போனேன். மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. அலுவலக மூளையை அலுவலகத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிற ரகம் நான்.

சனிக்கிழமை அவருக்குத் துணையாக நானும் போனேன். அவர் பேசுவதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமே. கிளப் அறை மைதானத்து கேலரிக்கு அடியில் இருந்தது. மேலே படிக்கட்டு என்பதால் கூரை ஒரு பக்கம் சரிந்துகொண்டே போய்த் தரையைத் தொடும். உயரமானவர்கள் எல்லோரும் கதவுப் பக்கமே உட்கார வேண்டிய அறை. முலாம் போன கோப்பைகள், ஒரு மூலையில் முகமூடிகளும் முழங்கால் உறைகளும் குவியலாக, ஈரமான ஷூ வாடை. ஃபேன் சுற்றியது, காற்று எங்கே போனது என்று தெரியவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் செயலாளர், ஊரில் பெரிய டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ஒரு பக்கம் டாக்டர். இன்னொரு பக்கம் கோச், அறைக்குள்ளேயும் கழுத்தில் விசிலைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி என்று பெயர் வைத்த புண்ணியவான் இவர்தான்.

"பேச முடியுமா உன்னால?" என்று செயலாளர் இவரைக் கேட்டார்.

"பேசுவாரு. உங்களுக்குப் புரியாது, நான் சொல்றேன்" என்றேன்.

டாக்டர் ஆரம்பித்தார். நல்ல மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். குரல் உயர்த்தியே பேச மாட்டார். "ம்மா, இவரை நான் வருஷக் கணக்கா பார்க்கிறேன். தங்கமான பையன். ஆனா சில பேர் உடம்பு அப்படி. மத்தவங்களை உரசிட்டுப் போற அடி, இவங்களை உடைச்சிட்டுப் போகும். அதுக்கு யார் மேலயும் குறை சொல்ல முடியாது."

"டீம்ல இடம்னு இருக்கிறதே கொஞ்சம்தானேம்மா" என்றார் செயலாளர். "பாதி சீசன் கட்டுப் போட்டுட்டுப் படுத்திருந்தா அந்த இடத்தை வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யறது? ராசியோ உடம்போ, எனக்கு அது வேண்டாம். ஆடறதுக்கு ஆள் வேணும்."

நான் இவரைப் பார்த்தேன். தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகக் கூடாத அந்த விரல் முழுதாக மடங்காது. அதை மடக்கி மடக்கிப் பார்த்தார். பரீட்சையில் தோற்றது ஏற்கெனவே தெரிந்துவிட்ட முகம்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் முடிவு செய்து வந்திருந்தேன். டாக்டர்தான் கெடுத்தார். "வீட்லயும் இப்படித்தான் எங்கயாவது இடிச்சுக்குவாரா?" என்று அன்பாகக் கேட்டார்.

"ஒரு தடவை கட்டில் கால்ல கட்டைவிரலை இடிச்சுக்கிட்டாரு."

டாக்டர் செயலாளரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தீர்களா என்பது போல. அந்தத் தலையாட்டல் ஒன்று போதும் எனக்கு.

"அந்தக் கட்டிலை அன்னிக்கு இழுத்து நகர்த்திப் போட்டது நான், டாக்டர். முந்தின நாள் வரைக்கும் சுவரோரமா இருந்த கட்டில் நடு ரூமுக்கு வந்திருக்கும்னு அவரு கனவா காண முடியும்? அதைக் கணக்குல சேர்க்காதீங்க. சரி, இவரு என்ன வேலை செய்யறாருன்னு உங்க மூணு பேர்ல யாருக்காவது தெரியுமா?"

ஏதோ ஏ.சி. கடை என்றார் கோச்.

"ஏதோ கடை இல்ல. மூணாவது மாடி ஜன்னலுக்கு வெளியில, ஒரு கால் உள்ள ஒரு கால் வெளியன்னு நின்னுக்கிட்டு, ஏ.சி. பெட்டி கனத்தை இடுப்புல தாங்கிக்கிட்டு சுவத்துல மாட்டுவாரு. எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த வேலையில ஒரு கீறல் வாங்கிட்டு வீட்டுக்கு வந்ததில்ல. அடிபடுற உடம்புன்னா அங்க ஏன் படல? அங்க போறப்ப மட்டும் வேற உடம்பைப் போட்டுக்கிட்டுப் போறாரா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கேள்வியை நான் யோசித்துக் கேட்கவில்லை. தினமும் மேசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நாக்குக்குப் பழகிப்போன கேள்வி, அதுவாக வந்து விழுந்தது.

"அடிபட்டப்பல்லாம் இவரு எங்க இருந்தாரு?"

"எங்கன்னா? கிரவுண்ட்லதான்" என்றார் கோச்.

"கிரவுண்ட்ல எந்த இடம்? என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு? ஒவ்வொண்ணா சொல்லுங்க சார். விரல் உடைஞ்சப்ப?"

"பெனால்டி கார்னர் ஒண்ணு."

"இன்னொரு விரல்?"

"அதுவும் கார்னர்தான்."

"முழங்கால்?"

"கார்னர்." இப்போது கோச்சின் வேகம் குறைந்துவிட்டது. விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார். "கீழ்க்காலும் அதுலதான். விலா... அதுவும். கணுக்கால் வந்து, ஓடிப் போய் எதிராளியோட மட்டையில மாட்டினது. அதுவும் கார்னர்லதான்."

"வாயி?"

"நீங்க பார்த்தீங்களேம்மா அதை."

நான் எங்கே பார்த்தேன். மைதானத்துக்குப் போனாலும் அந்த விசில் ஊதி, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசை கட்டத் தொடங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிடுவேன். கூட்டம் 'ஊ' என்ற பிறகுதான் திறப்பேன். திறக்கிறபோது இவர் தரையில் கிடப்பார். எப்படி விழுந்தார் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. கேட்டாலும், "விளையாட்டுன்னா அப்படித்தான்" என்பதைத் தவிர இந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

"அந்த கார்னர்னா என்னன்னு எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

கோச் மேசை மேலிருந்த டீ கிளாஸ்களை வைத்துக் காட்டினார். கோல் கோட்டில் நம் ஆட்கள் நாலு பேரும் கோல்கீப்பரும் நிற்பார்கள். எதிரணி ஒரு அரைவட்டத்துக்கு வெளியே நிற்கும். ஓரத்திலிருந்து ஒருத்தன் பந்தைத் தள்ளிவிடுவான், ஒருத்தன் நிறுத்துவான், அவர்களில் பலசாலி ஒருத்தன் அதை கோலை நோக்கி வீசுவான். பந்து புறப்பட்ட நொடியில் நம் ஆளில் ஒருத்தன் கோட்டிலிருந்து கிளம்பி நேராக அந்தப் பலசாலியின் முன்னால் ஓட வேண்டும். கோணத்தை அடைக்க வேண்டும். கோல்கீப்பருக்குத் தலையிலிருந்து கால்வரை மெத்தை கட்டியிருக்கும். ஓடுகிறவனுக்கு ஒரு முகமூடி, முழங்கால் உறை, கையுறை. வீசுகிற பந்து முதலில் பார்ப்பது இவனைத்தான்.

"அப்படி ஓடுற ஆளு இவருதானா?"

"ஆமா."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

"மத்தவங்களுக்குக் கால் இல்லையா சார்?"

கோச் தொண்டையைச் செருமினார். பிறகு, பச்சைப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிறவர் போலப் பொறுமையாகச் சொன்னார். "இல்லம்மா, அதுல ஒரு கணக்கு இருக்கு. ஓடறவனுக்கு அடிபட வாய்ப்பு ஜாஸ்தி. இவனுக்கு எப்படியும் அடிபடத்தான் போகுது. எதுக்கு இன்னொரு நல்ல ஆளை அங்க அனுப்பிக் கெடுத்துக்கணும்னுதான்..."

வாக்கியம் அங்கேயே நின்றது. அவர் காதிலேயே அது அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும்.

செயலாளர்தான் முதலில் பேசினார். "கோச், எங்க கடையில விரிசல் விட்ட டைல்ஸை எடுத்து லாரி வந்து நிக்கிற இடத்துல போடுவோம். எப்படியும் உடைஞ்சதுதானேன்னு. அந்த மாதிரியா?"

"அப்படி இல்ல சார்..."

"அப்படித்தான்யா சொல்ற நீ. அப்புறம் டைல்ஸ் சரியில்லன்னு கம்ப்ளைன்ட் வேற பண்ற."

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம்மேலயும் தப்பு இருக்கு. வரும்போதெல்லாம் எப்படிப் பட்டுச்சுன்னு கேட்பேன், பந்துன்னு சொல்வாரு. எந்தப் பந்துன்னு நான் கேட்கல" என்றார். பிறகு இவரைத் தன் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, அந்த மடங்காத விரலைப் பிடித்துப் பார்த்தார். முழங்காலைத் தட்டினார். எதையோ மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். "தசை கிழிஞ்சுதுன்னு இவரு எங்கிட்ட வந்ததே இல்ல. பிடிச்சுக்கிச்சு, சுளுக்கிக்கிச்சுன்னு வந்ததில்ல. உடம்புல கோளாறுன்னா அதுதான் முதல்ல வரும். எல்லாமே பந்து, மட்டை. அந்த வேகத்துல வந்து பட்டா என் எலும்பும் உடையும், செயலாளர் எலும்பும் உடையும். சொல்லப்போனா இந்த விரலைத் தவிர இவருக்கு எல்லாம் சீக்கிரமா கூடியிருக்கு. இது நல்ல உடம்பும்மா. ரொம்ப நல்ல உடம்பு."

நல்ல உடம்பு. எத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருந்தேன் என்று இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

அந்த நிம்மதியோடு விட்டிருக்கலாம். என் சுபாவம் விடாதே. இவர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, இவங்க ஓடச் சொன்னா ஓடிடுவீங்களா? முடியாதுன்னு சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். தையல் போட்ட உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்து முணுமுணுத்தார். யாரும் ஓடச் சொல்லவில்லையாம். முதல் தடவை முகமூடியை யாரும் எடுக்காமல் நின்றார்களாம், இவராகப் போய் எடுத்து மாட்டினாராம். அதற்கப்புறம் எப்போது விசில் ஊதினாலும் முகமூடி இவர் கைக்கே வந்துவிடுமாம்.

"வந்தா? வேண்டாம்னு சொல்றதுக்கு என்ன?"

"நான் ஓடினா கோல் விழாது" என்றார். அது எல்லோருக்குமே புரிந்தது.

"அது நெசம்" என்றார் கோச் தணிந்த குரலில். "இவன் மாதிரி ஓட ஆள் கிடையாது."

இவர் காது மடல் சிவந்துவிட்டது. அடப்பாவி மனுஷா, என்று நினைத்துக்கொண்டேன். எலும்பெல்லாம் உடைத்துக்கொண்டு வந்து படுத்தது இந்தப் பெருமைக்கா. அந்த இடத்திலேயே நாலு கேட்டிருப்பேன், மூன்றாம் மனிதர்கள் இருந்தார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மீதி விஷயம் சீக்கிரம் முடிந்தது. பெயர் அணியில் இருக்கும். கார்னருக்கு ஓடுவது இனிமேல் முறை வைத்து, பின்வரிசை ஆட்கள் எல்லோரும். இவரும் தன் முறைக்கு ஓடலாம், அதற்கு மேல் ஒரு தடவைகூட இல்லை. பல் கம்பி கழற்றும்வரை அதுவும் இல்லை. செயலாளர் சொல்லி முடித்ததும் இவர் என்னைப் பார்த்து வேகமாக ஏதோ முனகினார். மற்றவர்களுக்கு ஓடத் தெரியாது, கோணத்தை அடைக்காமல் ஒதுங்கி ஓடுவார்கள், கோல் விழும், இது சரிப்படாது என்று சொல்லச் சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் செயலாளர்.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்றாரு" என்றேன்.

வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. மைதானத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள், பச்சைத் தரை பளபளத்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் இடம் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. என் கையைப் பிடிக்க வந்தார். நான் தட்டிவிட்டேன்.

வழியெல்லாம் சண்டை போட்டேன். எத்தனை நாள் நான் தூங்காமல் உங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன் தெரியுமா என்றேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நான்தான் முதல் ஆளாக ஓடுகிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன முத்தா உதிர்ந்திருக்கும் என்றேன். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தேன். அவர் பதிலுக்குத் தையலோடு முனகினார், நானும் விடவில்லை. பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன், எனக்குள் கோபமே இல்லை. வாய் திட்டிக்கொண்டிருந்தது, மனசு லேசாக மிதந்துகொண்டிருந்தது. உடம்பு வாகோடு யார் சண்டை போட முடியும்? கெட்ட நேரத்தை எந்தச் சட்டையைப் பிடித்து உலுக்குவது? இது வெறும் பிடிவாதம். பிடிவாதக்காரப் புருஷனோடு சண்டை போட எனக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் ஜெயித்தும் இருக்கிறேன்.

வீட்டில் மாமியார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். "என்ன சொன்னாங்க? பேரை எடுத்துட்டாங்களா?"

"எடுக்கல அத்தை. பேரு இருக்கு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"உடம்புல ஒரு குறையும் இல்லையாம். ரொம்ப நல்ல உடம்பாம். நேரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பந்து அடிக்கிற இடமா பார்த்துப் பார்த்து உங்க புள்ளதான் போய் நின்னிருக்காரு." டீ கிளாஸ் வைத்துக் கோச் காட்டியதை நான் தண்ணீர்ச் செம்பு வைத்துக் காட்டினேன்.

மாமியார் செம்பைப் பார்க்கவில்லை. "குறை இல்லன்னு டாக்டரே சொன்னாரா?" என்றார்.

"அவரேதான் அத்தை."

"பார்த்துட்டுச் சொன்னாரா, சும்மா சொன்னாரா?"

"விரலு, முழங்காலு எல்லாம் தொட்டுப் பார்த்துட்டுத்தான் சொன்னாரு."

புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எட்டு மாசத்துலயே பொறந்துட்டான்" என்றார் தலைப்புக்குள்ளிருந்து. "நின்னுக்கிட்டே செய்யற வேலை எனக்கு. நிக்காதன்னு சொன்னாங்க, நான் கேட்கல. ஒவ்வொரு தடவை கட்டுப் போட்டுக்கிட்டு இவன் வாசல்ல வந்து நிக்கும்போதும், சரியா முத்தாத எலும்போட பெத்துப் போட்டுட்டமோன்னு... யாருகிட்ட சொல்றது இதை. நேரம் நேரம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்திருக்கிறோம். அவரும் என்னைப் போலத்தான் விழித்துக் கிடந்திருக்கிறார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இவர் நடு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் மகனை அதட்டி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. என்னை அதட்டுவார், பால்காரரை அதட்டுவார், இவரிடம் மட்டும் காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற குரல்தான். இப்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராக இவர் முன்னால் போய் நின்றார்.

"டேய், உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? பந்து வந்தா ஒதுங்கணும்னு நாலு வயசுப் புள்ளைக்குத் தெரியும். நீ எதுத்தாப்புல ஓடுவியா? பெரிய இவனா நீ? ஒருத்தி ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கா, ஒருத்தி உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், உனக்குக் கோலு முக்கியமா போச்சா? ஏ.சி. மாட்டற கை மாதிரியா இருக்கு அது? நிமிர்ந்து பாருடா."

நிமிர்ந்து பார்த்தார். திட்டு வாங்குகிற ஆளின் முகமாகவே அது இல்லை. கண் இரண்டும் நிறைந்து, சிரிப்பு வந்து, தையல் இழுத்து, ஆ என்று உதட்டைப் பிடித்துக்கொண்டார். காப்பாற்று என்பது போல என்னைப் பார்த்தார்.

"இன்னும் நல்லா கேளுங்க, அத்தை" என்றேன்.

கேட்டார்.